ராசா கதிரை

அரண்மனை பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிவறை எங்கே என்றுதான். அதில் நான் குற்றம் காணவில்லை. எங்கெங்கோ இருந்து பஸ்ஸில் வருகிறார்கள், வெயில் வேறு, குழந்தை குட்டிகள் வேறு. நேரே போங்கள், அலுமாரி அறையைக் கடந்தால் பின்வாசல், இறங்கினால் இடப்பக்கம் என்று சொல்லுவேன். இத்தனை வருடத்தில் அந்த அலுமாரி அறைக்குள் கால் வைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவசரத்தில் போனவர்கள்தான். சிரிப்புக்காகச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர். நான் சொல்ல வந்த விசயம் அங்கேதான் தொடங்குகிறது.

நீங்களும் வந்திருக்கிறீர்கள். போன வருட நோன்புப் பெருநாள் விடுமுறையில், மனைவியோடும் மகனோடும். மகனை ராசா கதிரையில் இருத்திப் படம் எடுத்தீர்கள். பிறகு மகன் கழிவறை கேட்டான். அதை மனதில் வைத்துக்கொண்டு நான் பேசவில்லை. அது போன வருடம். அப்போது கதிரையில் ஒன்றும் பூசியிருக்கவில்லை.

இராசமலர் அம்மாவின் கண் விசயமாக வந்தேன் என்று சொல்லி நான் இந்தப் பையை மேசையில் வைத்தபோது நீங்கள் சொன்னது எனக்குப் புரிகிறது.

"ஐயா, அந்த மனுசியே சுண்ணாம்பு பட்டதெண்டு சொல்லிட்டா. டொக்டரும் அப்பிடித்தான் எழுதியிருக்கார். ஒங்களுக்கு ஏன் இந்த வேலை? வெயில் கூட, வீட்ட போய்ப் படுங்க."

மரியாதையாகத்தான் சொன்னீர்கள். ஆனால் என்னை ஒருவரும் முழுக்கக் கேட்பதில்லை என்பது எனக்குப் பழைய வருத்தம். இன்றைக்காவது கேளுங்கள். பைக்குள் இருப்பது ஒரு தகரடப்பாவும் ஒரு சோடி ரப்பர் கையுறையும். கையால் தொடாமல் பார்க்கலாம்.

பெயர் சிவகுருநாதன் என்று எழுதுங்கள். உள்துறைமுகத்துக்கு மேலே, கடலைப் பார்த்தபடி நிற்கிற வன்னிபத்தார் மாளிகைக்கு நான் பொறுப்பாளர். ஊர் அதை ராசா மாளிகை என்கிறது. இந்தக் கரையை ஆண்ட சிற்றரசர் நல்லசேகர வன்னிபம் இருந்த வீடு. பிறகு ஒல்லாந்தர் சுற்றிவர மதில் எழுப்பிக் கோட்டையாக்கினார்கள். வெள்ளைக்காரன் வெடிமருந்து அடுக்கினான். எல்லாரும் போன பிறகு வௌவாலும் நாங்களும் மிஞ்சினோம். வௌவாலைத் துரத்தியது நான்.

அலுமாரி அறையில் இருப்பதெல்லாம் உண்மையானவை. புளியங்கொட்டையளவில் ஓர் ஈய முத்திரை, அதில் படுத்திருக்கிற எருது. துறைமுகத்துச் சேற்றிலிருந்து எடுத்த சீனப் பீங்கான் ஓடுகள். பாதி உடைந்த செப்பேடு. அரசியின் தந்தச் சீப்பு. ராசாவின் மர மிதியடி, ஒரு சோடி. இந்த மிதியடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இடது மிதியடியின் வெளிப்பக்க விளிம்பு மட்டும் தேய்ந்து சரிந்திருக்கிறது. வலது நேராக இருக்கிறது. அப்படியென்றால் ராசா இடக்காலைச் சாய்த்து நடந்தவர். எந்தச் செப்பேட்டிலும் இல்லாத செய்தி இது. புகழ்பாடிய புலவன் ஒருவனும் அதைச் சொல்லவில்லை, சொன்னால் தலை போயிருக்கும். நான் கண்டுபிடித்தேன். பக்கத்தில் எழுதியும் வைத்தேன். ஏன் ஐயா நொண்டினார் என்று ஒரு மனிதர் என்னிடம் கேட்கவேண்டும் என்று காத்திருந்தேன். இந்த வருடம் வரைக்கும் ஒருவரும் கேட்கவில்லை.

எல்லாருக்கும் கதிரைதான் வேண்டும்.

முன்மண்டபத்தில், வாசலுக்கு நேரே, சிங்கத்தலைக் கைப்பிடியும் சிவப்பு மெத்தையுமாக அது இருக்கிறது. ராசா கதிரை. அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றுவார்கள். கிட்டப் போவார்கள். இரண்டு உள்ளங்கையாலும் கைப்பிடியைத் தடவுவார்கள். பிறகு அந்தக் கைகளை அப்படியே கொண்டுபோய்க் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கோயிலில் கர்ப்பக்கிரக வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற அதே பழக்கம். அதோடு அரண்மனை பார்த்து முடிந்துவிடும். மீதி இருப்பது கழிவறை.

அந்தக் கதிரை ராசாவுடையது அல்ல. நான் பொறுப்பெடுத்த புதிதில் அதைக் கவிழ்த்துப் பார்த்தேன். இயந்திரத்தில் செய்த திருகாணிகள். மெத்தைக்குக் கீழே ஒட்டுப்பலகை. அதில் வெள்ளை மையால் ஓர் இலக்கம், பக்கத்தில் 'பொம்பிளை' என்று ஒரு சொல். கலியாண வீடுகளுக்கு மணவறையும் கதிரையும் வாடகைக்கு விடுகிற ஒரு கடையின் சாமான் அது. மாளிகையைத் திறந்துவைத்த காலத்தில் முன்மண்டபம் வெறுமையாக இருக்கிறதே என்று யாரோ ஒரு பெரிய மனிதர் அனுப்பிவைத்திருக்கிறார். மாப்பிள்ளைக் கதிரைக்கு என்ன நடந்ததோ தெரியாது. ஊர் விழுந்து கும்பிடுவது மணப்பெண்ணைக் குந்தவைக்கிற கதிரையை.

மேலிடத்துக்குச் சொன்னேன். அங்கேயிருந்த அதிகாரி நல்ல மனிதர், தேநீர் கொடுத்தார். "கதிரையை எடுத்தா ஆர் சேர் வருவினம்? உங்கட மிதியடியைப் பாக்கவோ?" என்றார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அன்று பஸ்ஸில் வரும்போது எனக்குக் கண்ணீர் வந்தது. ஆத்திரத்தில் வருகிற கண்ணீர், அதற்கு வயது வித்தியாசம் இல்லை.

ஆகவே அதை ஒரு காட்சிப்பொருள் என்ற அளவிலாவது பாதுகாப்போம் என்று முடிவெடுத்தேன். மூன்று மொழியிலும் 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்தேன். பலகைக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். கயிறு கட்டினேன். கயிற்றில் பிள்ளைவரம் கேட்டுத் துணித்தொட்டில்களைக் கட்டிவிட்டுப் போனார்கள். கைப்பிடியில் தேங்காயெண்ணெய், திருநீறு, குங்குமம். ஒரு தடவை சிங்கத்தின் வாய்க்குள் வாழைப்பழம். ஒவ்வொரு நாளும் நான் துடைத்தேன். ஒவ்வொரு நாளும் சொன்னேன். சொல்லிச் சொல்லி என் தொண்டையே வறண்டுபோனது. ஓம் ஓம் என்று தலையாட்டியபடியே தொடுவார்கள், இன்ஸ்பெக்டர். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தொடுவார்கள்.

ரிக்கற் கொடுக்கிற பிள்ளை பிரசாந்தினிக்கு இதெல்லாம் பெரிய விசயமாகத் தெரியவில்லை.

"தொட்டா என்ன சேர்? அதுகளுக்கு ஒரு ஆறுதல். கதிரை தேஞ்சா போகுது?"

"தேயிறது பிரச்சினை இல்லைப் பிள்ளை. அது ராசாவின்ர கதிரையே இல்லை."

"அது எனக்கும் தெரியும். அதுகளுக்குத் தெரிஞ்சு என்ன வரப்போகுது?"

அந்தப் பிள்ளை கெட்டவள் அல்ல. ஆனால் அந்தப் பதிலைக் கேட்டபிறகு நான் ஒரு கிழமை அவளோடு கதைக்கவில்லை.

இனி இராசமலர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாம்பல்தீவில் இருக்கிறவர். புருசன் கடலில் செத்தவர், சுடுபட்டோ மூழ்கியோ அல்ல, மாரடைப்பு, வள்ளத்திலேயே. ஒரே மகள் தர்சிகா, கலியாணம் முடித்துப் பல வருடம் பிள்ளை தங்கவில்லை. அதற்காக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை பஸ்ஸில் வந்துவிடுவார். வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். "ஐயா, ராசா இண்டைக்கு எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்பார். வருத்தக்காரரை விசாரிப்பதுபோல. எனக்கு அந்தக் கேள்வி பிடிக்காது. செத்து முந்நூறு வருடமாகிறது என்று ஒருநாள் சொன்னேன். "அப்பிடிச் சொல்லாதேங்கோ ஐயா, கேட்டுக்கொண்டிருப்பார்" என்று என்னைக் கண்டித்தார்.

மற்றவர்கள் தடவுவார்கள், ஒற்றுவார்கள், போவார்கள். இவர் அப்படியல்ல. இரண்டு கைப்பிடியையும் ஆறுதலாக, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலத் தடவுவார். பிறகு உள்ளங்கை இரண்டையும் கண்ணில் அழுத்தி வைத்துக்கொண்டு கனநேரம் நிற்பார். அலுமாரி அறை இருக்கிறது அம்மா, உண்மையில் ராசா பாவித்த சாமான்கள் இருக்கிறது, வாருங்கள் காட்டுகிறேன் என்று நான் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன். "பஸ் போயிடும் ஐயா, பிறகு பாப்பம்." எப்போதும் அதே பதில்.

தர்சிகா பிள்ளைத்தாய்ச்சி ஆனாள். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போனது. அந்த அம்மா பஸ் முழுக்கச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் நிலாவெளியிலிருந்து, இறக்கக்கண்டியிலிருந்தெல்லாம் பெண்கள் வரத்தொடங்கினார்கள். மண்டபத்தில் நிற்க இடமில்லை. அலுமாரி அறை மட்டும் காற்றோட்டமாகக் கிடந்தது.

அந்தக் காலத்தில்தான் கதிரையில் மரத்தை அரிக்கிற உளு விழுந்திருக்கிறது என்று கண்டேன். மரச்சாமானுக்கு உளு விழுந்தால் மருந்து பூசுவது என் கடமை. மருந்து சாமான் அறையில் இருந்தது. அது கடுமையானது, நிறையத் தண்ணீர் கலந்து, கையுறை போட்டு, காட்சிக்கு வைக்காத நாட்களில் பூசவேண்டியது. நான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், கதவு திறப்பதற்கு முன்னால் பூசினேன். கைப்பிடிகளுக்கு மட்டும். தண்ணீர் கலக்கவில்லை.

பலகை இருந்ததுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். யாராவது கேட்டால் அதைத்தான் சொல்லுவதாக இருந்தேன். இத்தனை வருடமாகத் தொடாதீர்கள் என்று எழுதிவைத்திருக்கிறேன், அதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்ய ஏலும் என்று. ஆனால் சரியாக எழுதவேண்டுமென்றால், அன்று பலகை அங்கே இருக்கவில்லை. எழுத்து மங்கிவிட்டது, புதிதாக எழுதவேண்டும் என்று காலையில்தான் கழற்றி உள்ளே வைத்தேன். கயிற்றையும் கழற்றினேன். தொட்டில் துணியெல்லாம் அழுக்காக இருந்தது, தோய்க்க வேண்டும்.

கதவைத் திறந்தேன். பிரசாந்தினி வந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"என்ன சேர் மணக்குது?"

"உளுவுக்கு மருந்து."

"அப்ப ஆரும் தொடக்கூடாதெல்லோ? ஒரு மட்டையில எழுதி வைக்கட்டே?"

"நான் பாக்கிறன். நீ போய் ரிக்கற் மேசையைத் துடை."

அவள் போய்விட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் பொய் இல்லை. அலுமாரி அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் யார் வருவார் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல ஆசைதான். சாம்பல்தீவுப் பஸ் எப்போது வருகிறது என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை முதல் ஆள் யார் என்றும் தெரியும்.

அன்று இராசமலர் அம்மாவின் கையில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. மகள் பிள்ளைப்பேற்றுக்கு வரப்போகிறாள் என்று விடியவே எழும்பி அறைக்கு வெள்ளையடித்திருக்கிறார். முழுக நேரமில்லை, அப்படியே பஸ் ஏறிவிட்டார். "ஐயா, ராசா எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டார். நல்லாயிருக்கிறார் என்றேன். முதல் தடவையாக அப்படிச் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

செருப்பைக் கழற்றினார். கிட்டப் போனார். பலகை இல்லாத இடத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், இனித் தொடலாம் என்று நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். அந்தப் பார்வையில் ஒரு நன்றி இருந்தது. எனக்குச் சொல்ல நேரமிருந்தது, இன்ஸ்பெக்டர். அவர் ஒன்றையும் அவசரமாகச் செய்கிறவர் அல்ல. இரண்டு கைப்பிடியையும் தடவி முடிக்கும்வரை எனக்கு நேரமிருந்தது. அம்மா என்று கூப்பிட்டிருந்தால் போதும். நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடம் சொன்னதைக் கேட்காதவர்களுக்கு இன்றைக்கும் நான்தான் சொல்லவேண்டுமா என்று ஒரு சலிப்பு. அந்தச் சலிப்பை எப்படி எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியாது.

அவர் கத்தவில்லை. மெதுவாகக் கதிரைக்கு முன்னாலேயே குந்திவிட்டார். "சுண்ணாம்பு, பிள்ளை, சுண்ணாம்பு. கண்ணுக்குள்ள போயிட்டுது" என்று சொன்னார். பிரசாந்தினி வாளியோடு ஓடிவந்தாள். நானும் உதவி செய்தேன், ஓட்டோ பிடித்துக் கொடுத்தேன். அவர்கள் போனபிறகு கதிரையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவித் துடைத்தேன். பலகையைத் திரும்ப மாட்டினேன். எழுத்து அப்படி ஒன்றும் மங்கியிருக்கவில்லை.

கை எரியும், நாலு நாள் தோல் உரியும், பயந்துபோய்த் தொடமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இது நான் எனக்குச் சொல்லிக்கொண்டது. ஆனால் உழைத்துக் காய்த்த கைக்கு அந்த மருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கண்ணில் படவிடக்கூடாது என்று டப்பாவிலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது, நீங்கள் வாசிக்கலாம். கதிரையைத் தொட்ட கை அடுத்ததாக எங்கே போகும் என்று இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாதா? உங்கள் ஆட்கள் தொட்டால் கையைக் கீழே விடுவார்கள். எங்கள் ஆட்கள் கண்ணுக்குக் கொண்டுபோவார்கள்.

வலக்கண் போய்விட்டது. இடக்கண்ணில் வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும். ஆசுபத்திரியில் கேட்டதற்குக் காலையிலிருந்து சுண்ணாம்போடு நின்றதைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் அப்படியே எழுதிவிட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது.

பிறகு இரண்டு கிழமை மண்டபம் நன்றாக இருந்தது. வந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நின்று பார்த்தார்கள். அந்த இரண்டு கிழமையும் நான் சாப்பிட்டேன், நித்திரை கொண்டேன். என் அலுமாரிகளைக் கூட ஒருசிலர் பார்த்தார்கள். பிரசாந்தினி மட்டும் நான் ஊற்றிக் கொடுக்கிற தேநீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கோப்பையை அப்படியே ஆறவிட்டுவிடுவாள்.

அதன்பிறகு கதை மாறியது. முழுகாமல், சுண்ணாம்புக் கையோடு, தீட்டோடு தொட்டதால் ராசா இராசமலரின் கண்ணைப் பறித்துவிட்டார் என்று சாம்பல்தீவு பேசியது. அவ்வளவு சக்தி. அதே கிழமையில் தர்சிகாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. கேட்கவேண்டுமா? கண்ணை எடுத்த ராசா பிள்ளையைக் கொடுத்தார் என்று பஸ் பஸ்ஸாக வந்திறங்கினார்கள். இப்போது முழுகிவிட்டு, ஈரத்தலையோடு வந்து தொடுகிறார்கள். கற்பூரம் கொளுத்துகிறார்கள். மண்டபத்துக் கூரை வளையில் மணி கட்டவேண்டும் என்று ஒரு கமிட்டி. போன மாதம் என்னைக் கதிரைக்குப் பக்கத்தில் நிறுத்தி மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள், ராசாவுக்கு இத்தனை வருடம் தொண்டு செய்தவர் என்று. அந்தப் பொன்னாடைக்குள் நான் வெந்துபோய் நின்றேன். மணவறைக் கடைக் கதிரை, 'பொம்பிளை' என்று எழுதிய கதிரை, அதற்கு முன்னால் நான் கைகூப்பி நிற்கிறேன்.

அதை உண்டாக்கியது நான்தான். இதைவிட எரிச்சல் ஒரு மனிதனுக்கு வரமுடியாது.

போன வெள்ளிக்கிழமை இராசமலர் அம்மா வந்தார். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஒரு கையை மகள் பிடித்திருந்தாள், மகளின் மற்றக் கையில் குழந்தை. மண்டபத்தில் வழிவிட்டார்கள், அவரையும் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். அவர் கதிரைக்குக் கிட்டப் போகவில்லை. வாசலிலேயே நின்று, "ஐயா இருக்கிறாரோ?" என்று என்னைக் கேட்டார்.

நான் போனேன். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். எனக்கு வந்தது பயமா ஆறுதலா என்று இன்னும் சொல்லத் தெரியாது.

"ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். "நீங்கள் எத்தினை தரம் சொன்னனீங்கள். தொடாதேங்கோ எண்டு. நான் கேக்கேல்லை. முழுகாமல் வேற வந்தனான். ராசா ஒண்டைத் தந்தார், ஒண்டை எடுத்தார். குறை சொல்ல ஏலாது."

"பேத்தி ஆரைப்போல?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது?

"என்னைப் போலயாம். எனக்கு நான் எப்பிடியெண்டு மறந்துகொண்டு வருது." சிரித்தார். தர்சிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு அவர் சொன்னார், "நீங்கள் எப்பவும் கூப்பிடுவீங்கள், உள்ளுக்குச் சாமானெல்லாம் இருக்குதெண்டு. கண் இருக்கேக்க நான் வரேல்லை. இப்ப சொல்லுவீங்களோ? நான் கேட்டுக்கொண்டு இருப்பன். இனி எனக்கு ஒரு பஸ்ஸையும் பிடிக்கிற அவசரம் இல்லை."

அலுமாரி அறையில் ஒரு கதிரை போட்டு, சாதாரணப் பிளாஸ்ரிக் கதிரை, அவரை இருத்தினேன். தர்சிகா குழந்தைக்குப் பால் கொடுக்க வெளியே போய்விட்டாள். ஈய முத்திரையிலிருந்து தொடங்கினேன். எருது எப்படிப் படுத்திருக்கிறது, கொம்பு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, எல்லாம். அவர் தலையைச் சரித்துக் கேட்டார். இடையில் மறிக்கவில்லை. சீனப் பீங்கானில் நீல நிறத்தில் ஒரு மீன் இருக்கிறது என்றேன், என்ன மீன் என்று கேட்டார். பாரை மாதிரி என்றேன். அப்படியென்றால் வால் பிரிந்திருக்கவேண்டுமே என்றார். குனிந்து பார்த்தேன், பிரிந்துதான் இருந்தது. நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

மிதியடிக்கு வந்தோம். இடது விளிம்பு தேய்ந்திருப்பதைச் சொன்னேன். ராசா காலைச் சாய்த்து நடந்தவர் என்றேன்.

அவர் தலையை என் பக்கம் திருப்பினார். பிறகு, "ஏன் ஐயா நொண்டினவர்? பிறக்கேக்கையே அப்பிடியோ, பிறகு ஆரும் ஏதும் செய்தவையோ?" என்று கேட்டார்.

என் சேவைக்காலம் முழுக்க நான் காத்திருந்த கேள்வி. அலுமாரியைத் திறந்தேன். நான் ஒருவருக்கும் செய்யாத காரியம், அந்த மிதியடியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். தடவிப் பாருங்கள் அம்மா, விளிம்பைத் தடவிப் பாருங்கள் என்று நானே சொன்னேன். அவர் தடவினார். அந்தச் சரிவைக் கண்டுபிடித்தார். "ஓம் ஐயா. பாவம் மனுசன்" என்றார்.

மிதியடியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். கொடுத்ததும் கை இரண்டும் பழக்கத்தில் கண்ணுக்குப் போனது. பாதிவழியில் நின்றது. பிறகு அந்தக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

அப்போது எனக்கு ஓர் எண்ணம் வந்தது. அதையும் எழுதுங்கள். இவர் இப்போதுதான் ஒழுங்காகப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

நான் ஏன் இங்கே வந்தேன் என்று கேட்டீர்கள். மனச்சாட்சி என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் முழுக்கச் சரியாக இருக்காது. நேற்று மணி கட்டிவிட்டார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் ஒலிபெருக்கியில் ராசாவின் சக்தியைப் பற்றிப் பேசினார், இராசமலரின் கண்ணைச் சொல்லிச் சொல்லிப் பேசினார். என்னால் தாங்க முடியவில்லை. ராசாவுக்கு அப்படி ஒரு சக்தியும் இல்லை. அவர் காலைச் சாய்த்து நடந்த ஒரு மனிதர், அந்தக் கதிரையை வாழ்நாளில் கண்டதும் இல்லை. இராசமலர் அம்மாவின் கண்ணைப் பறித்தது நான். தெரிந்து, நாள் பார்த்து, பலகையைக் கழற்றி, அவர் தொடுவதைப் பார்த்துக்கொண்டு நின்று செய்தேன். இதை நீங்கள் எழுதவேண்டும், ஊருக்குத் தெரியவேண்டும். செய்தவனுடைய பெயர் சரியாக இருக்கவேண்டும். அருங்காட்சியகத்தில் நாங்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கதிரையில் உளு விழுந்திருந்ததா என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. அதில் உளுவின் ஓட்டை ஒன்றுகூட இருக்கவில்லை.

அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை. இந்த மாளிகைக்கு வந்தவர்களில் நான் சொன்னதை இருந்து கேட்டவர் அவர் ஒருவர்தான். இதை வேறு யாரும் எனக்காகச் செய்ததில்லை.

கையெழுத்துப் போடுகிறேன், தாருங்கள். ஒரேயொரு வேண்டுகோள். நாளைக்கு வெள்ளிக்கிழமை. இராசமலர் அம்மா வருவார். மூன்று அலுமாரிதான் முடிந்திருக்கிறது, செப்பேட்டையும் அரசியின் சீப்பையும் இந்தமுறை சொல்லுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். பிரசாந்தினிக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது. என்னை எங்கே வைப்பதென்றாலும் வையுங்கள், காலையில் மட்டும் அங்கே கொண்டுபோய் விடுங்கள். அவரிடம் இதைச் சொல்லத்தான் வேண்டுமென்றால், சனிக்கிழமை சொல்லுங்கள்.